ஒன்றரை அடி வெளியே

மவுண்ட் ரோஸ்கில், ஒக்லாந்து
10 பெப்ரவரி 2025

முகாமையாளர் அவர்களுக்கு,

உங்கள் பக்கத்து வீட்டுக்காரன் எழுதுகிறேன். நேரே வந்து கதைத்திருக்கலாம், நாலு எட்டுத்தான். ஆனால் கதைத்தது காற்றோடு போய்விடும். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் கந்தோரில், காணிப் பகுதியில் வேலை செய்தவன் நான். எழுத்தில் இல்லாத எதையும் நம்புவதில்லை. உங்கள் அமைப்பு அயல் வீடுகளுக்குப் போட்ட துண்டுப் பிரசுரத்தில், முறைப்பாட்டைத் தாய்மொழியிலேயே எழுதலாம் என்று இருந்தபடியால் தமிழில் எழுதுகிறேன். வாசிக்க ஆள் தேடி நீங்கள் அலைந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அதே துண்டில் 'சமூகத்தோடு இணைந்த தங்குமிடம்' என்று அழகாகப் பூசி மெழுகியிருந்தது. விசாரித்த பிறகுதான் விளங்கியது. வழக்கு உள்ளவர்களைக் காலில் மின்னணுக் கண்காணிப்புப் பட்டி கட்டிப் பிணையில் வைத்திருக்கும் வீடு. ஐந்து பேர். பிளாட் புஷ்சில் இருக்கும் என் மகள் கம்சாயினி இதைக் கேட்டதிலிருந்து, வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வரச் சொல்லித் தினமும் போன் எடுக்கிறாள். பதினெட்டு வருடம் இருந்த வீட்டை நான் ஏன் விற்க வேண்டும்?

உங்கள் ஆட்கள் பின்வளவில் பீஜோவாப் பழமரத்தடியில் கதிரை போட்டுப் புகைக்கிறார்கள். அந்தப் புகை எங்கள் சாமியறைக்குள் வருகிறது. நெட்டையான ஒருவர் விடியக் காலையில் சீழ்க்கை அடிக்கிறார், அதுவும் சுருதி இல்லாமல்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். நமக்கிடையே இருக்கும் பலகை வேலி என் காணிக்குள் ஒன்றரை அடி வந்து நிற்கிறது. இது கண்ணளவு, ஆனால் என் கண்ணளவு. உங்களுக்கு முன்னர் அங்கிருந்த எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்துக் கைகொடுத்துவிட்டு வீட்டை விற்றுக்கொண்டு போனார்கள். நீங்களும் சிரித்தால், உங்கள் வீட்டின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க அயலவரிடம் அபிப்பிராயம் கேட்கும்போது என் அபிப்பிராயம் நீளமாக இருக்கும்.

இப்படிக்கு,
வே. குலசிங்கம்
பிரதி: என் கடிதக் கோவைக்கு


14 பெப்ரவரி 2025

மதிப்புக்குரிய திரு. குலசிங்கம் அவர்களுக்கு,

முறைப்பாடு வந்த மொழியிலேயே பதில் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. உங்கள் கடிதத்தைக் கண்டதும் மேலதிகாரி மொழிபெயர்ப்பாளரைத் தேடத் தொடங்கினார். நான் வாங்கி வாசித்துக் காட்டினேன். முகாமையாளர் நான்தான், பெயர் சிசிலியா, ஊர் மன்னார் பேசாலை. அலைச்சல் மிச்சம்.

இங்கிருப்பவர்கள் குற்றவாளிகள் அல்ல. வழக்கு முடியாதவர்கள். முடியும்வரை மறியலில் கம்பிக்குப் பின்னால் கிடக்காமல் இங்கே இருக்க நீதிமன்றம் விட்டிருக்கிறது. அவர்களுக்குள்ள விதிகளைவிட எனக்குள்ள விதிகள் அதிகம். குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலை முதல் வந்துபோகிறவரின் கையெழுத்து வரை எல்லாம் பதிய வேண்டும். குடிவகை கூடாது. வீட்டில் ஒரு பணியாளராவது எந்நேரமும் இருக்க வேண்டும். எனக்கே சில நாட்களில் என் காலிலும் பட்டி இருக்கிறதோ என்று குனிந்து பார்க்கத் தோன்றும்.

புகைப்பது கதவுகளிலிருந்து மிகத் தொலைவான மூலையில்தான் இருக்க வேண்டும். அதுதான் அந்த மரத்தடி. கதிரையை உங்கள் சாமியறைக்கு முதுகு காட்டும்படி திருப்பி வைத்திருக்கிறேன். சீழ்க்கை அடிப்பவர் கொலின். வேலி அடைப்பது அவர் தொழில். அவரும் பங்காளியும் பிரிந்தபோது லொறியையும் வேலைக் கருவிகளையும் இவர் கொண்டுபோய்விட்டார் என்று வழக்கு. தன்னுடையதைத்தான் எடுத்தேன் என்கிறார். ஓகஸ்டில் விசாரணை. சீழ்க்கையைத் தடுக்க விதி ஏதும் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை.

வேலியைப் பற்றி: உங்கள் செலவில் அளந்து மாற்ற விரும்பினால் எங்கள் அமைப்புக்கு ஆட்சேபனை இல்லையாம். வேலி எங்கே நின்றாலும் எங்களுக்கு ஒன்றுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வரும் உணவுகளை நாங்கள் பதிய வேண்டும். உங்கள் மனைவி வேலிக்கு மேலால் தருபவற்றை வார இறுதிப் பணியாளர், அவர் தொங்கா நாட்டவர், 'நடுவில் ஓட்டை உள்ள பொரித்த வட்டம்' என்று எழுதி வைத்திருக்கிறார். சரியான பெயர்களை உங்கள் மனைவி எழுதித் தந்தால் பரிசோதனைக்கு வருபவர்கள் பயப்பட மாட்டார்கள்.

இப்படிக்கு,
சிசிலியா


3 மார்ச் 2025

திருமதி சிசிலியா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பந்தியை இரண்டு தரம் வாசித்துவிட்டு மனைவி சரோஜாதேவியைக் கூப்பிட்டு விசாரித்தேன். "நீங்கள் வேலியைப் பாத்துக்கொண்டு இருந்தியள், நான் வேலிக்கு மேலால பாத்தன். ஐஞ்சு ஆம்பிளையள் வெறும் பாண் துண்டைத் திண்டுகொண்டு இருக்கினம்," என்றாள். நாற்பத்தைந்து வருடக் குடும்பத்தில் எனக்குத் தெரியாமல் வடை வெளியேறியது இதுவே முதல் தடவை என்று நினைத்திருந்தேன். அதையும் இனி நிச்சயமாகச் சொல்ல முடியாது. அந்த வட்டத்தின் பெயர் உளுந்து வடை. பதியவும்.

'எங்களுக்கு ஒன்றுதான்' என்று நீங்கள் எழுதியதைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த நாளே நில அளவையாளரைப் பிடித்தேன். சனிக்கிழமை வந்து அளந்தார். முன்பக்கத்தில் ஒன்றுமில்லை, பின்மூலையில் ஒன்றரை அடி. மரத்தடியும் மரமும் என்னுடையவை. அளவையாளர் எல்லை முளை அடிக்கும்போது நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். சரோஜாதேவி பார்த்தால் நான் அழுகிறேன் என்பாள்.

அளவு நாடாவின் மறுமுனையை உங்கள் பக்கத்தில் நின்று பிடித்தது கொலின். நான் கேட்கவில்லை, தானாக வந்தார். நாடாவைத் தளரவிடாமல், காற்றுக்கு ஆடாமல் பிடித்தார். கச்சேரியில் என்னோடு இருந்த நாலு பேருக்குத் தெரியாத விடயம் அது. பழைய வேலியைப் பார்த்து, "இதை அடைத்தவன் குடித்திருக்க வேண்டும்," என்றார். இவரைப் பற்றிய என் அபிப்பிராயத்தைக் கொஞ்சம் திருத்துகிறேன். சீழ்க்கையைப் பற்றியதை அல்ல.

புது வேலியை என் பக்கத்தில் நானும் உங்கள் பக்கத்தில் அவருமாகப் போடலாம் என்கிறார். சும்மா இருந்து கை மரத்துப் போய்விட்டதாம். அனுமதி தேவை.

இப்படிக்கு,
வே. குலசிங்கம்
பிரதி (அளவைப் படத்துடன்): மாநகர சபை, உங்கள் அமைப்பின் தலைவர், பிணைக் கண்காணிப்புப் பிரிவு, என் மகள்


6 மார்ச் 2025

குலசிங்கம் அண்ணைக்கு,

பேசாலையில் என்றால் இப்படித்தான் கூப்பிட்டிருப்பேன். விதியில் தடை இல்லை.

கொலினுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. எங்கள் வளவுக்குள் நின்றுதான் வேலை செய்ய வேண்டும். நீங்கள் தரும் சுத்தியல், குழி தோண்டும் அலவாங்கு, பலகை அறுக்கும் வாள் எல்லாவற்றையும் நான் கையெழுத்து வைத்து எடுத்து, பின்னேரம் கையெழுத்து வாங்கித் திருப்பித் தர வேண்டும். பிணை வீட்டுக்குள் வாளும் அலவாங்கும் கொண்டுவர அனுமதி கேட்டு எழுதிய முதல் முகாமையாளர் நான்தான் என்று மேலதிகாரி சொன்னார். பெருமையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

கொலினின் தாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எண்பது வயது, பாட்டனி டவுன்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி ஞாயிறு தோறும் வருகிறா. மறியலில் இருந்தபோது அவ்வளவு தூரம் அவவால் போக முடியவில்லை. இங்கே வந்த பிறகுதான் மகனைக் கண்ணால் காண்கிறா. அவ கொண்டுவரும் கேக்கில் பாதி உங்கள் வீட்டுக்குப் போகிறது, பதிலுக்கு வட்டம் வருகிறது. நான் இரண்டையும் பதிகிறேன்.

ஒரு வேண்டுகோள், அண்ணை. பிரதிகளைக் குறையுங்கள். பழைய வேலியை எல்லையாக வைத்துத்தான் இந்த முகவரியை அங்கீகரித்திருக்கிறார்கள். அதற்கு வெளியே கால் வைத்தால் பிணை மீறல். நீங்கள் கண்காணிப்புப் பிரிவுக்கு அனுப்பிய புதுப் படத்தில் அந்த மரத்தடி எல்லைக்கு வெளியே நிற்கிறது. வேலி முடிந்த பிறகு முறைப்படி நானே அறிவிக்கிறேன். அதுவரை பேசாமல் இருங்கள்.

சிசிலியா


18 மார்ச் 2025

சிசிலியாப் பிள்ளைக்கு,

வேலி முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. கொலின் கம்பம் நடுகிற அழகைப் பார்க்க சரோஜாதேவி கதிரை போட்டுக்கொண்டு இருக்கிறாள். என்னை இப்படி அவள் பார்த்ததில்லை. நேற்று அவர் என்னைக் 'குலா' என்று கூப்பிட்டார். கச்சேரியில் அரசாங்க அதிபரே என்னை மிஸ்டர் குலசிங்கம் என்றுதான் கூப்பிட்டவர். ஆனாலும் நான் திருத்தவில்லை.

மூலைக் கம்பம் மட்டும் மிச்சம். அதை நாள் பார்த்துத்தான் நட வேண்டும். கோயில் ஐயரைக் கேட்டால், அவர் ஊர்ப் பஞ்சாங்கத்தை ஒக்லாந்து நேரத்துக்கு மாற்றி, கோடைகாலத்துக்கு முன்தள்ளிய ஒரு மணித்தியாலத்தைக் கழித்து, அட்டமி நவமி பார்த்து, இந்த மாதம் முழுக்கச் சரிவராது என்றுவிட்டார். அதனால் அந்த மூலையில் மட்டும் பழைய வேலி அப்படியே நிற்கிறது. கொலின் இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு தன்னுடைய வழக்குத் திகதி எப்படி என்று ஐயரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

ஒரே ஒரு சிக்கல். அவர் பழக்கதோஷத்தில் இன்னமும் அந்த மரத்தடியில் இருந்துதான் புகைக்கிறார். பழைய வேலிக்கு உள்ளேதான், ஆனால் முளைக்கு வெளியே, அதாவது என் காணியில். எனக்கு மனவருத்தம் இல்லை. ஆனால் ஊர்ச் சட்டம் உங்களுக்குத் தெரியும். மறுப்பில்லாமல் பத்து வருடம் ஒருவன் ஆண்டால் காணி அவனுக்கு. இங்கே எத்தனை வருடமோ தெரியாது. ஆகவே பதிவுக்காக மட்டும், இன்று காலை கண்காணிப்புப் பிரிவுக்குப் போன் எடுத்துச் சொல்லி, எழுத்திலும் அனுப்பிவிட்டேன். உங்களைக் கரைச்சல்படுத்தவில்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும் என்றுதான்.

இப்படிக்கு,
வே. குலசிங்கம்


18 மார்ச் 2025, பின்னேரம்

அண்ணை,

கொலினைக் கொண்டுபோய்விட்டார்கள்.

இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். அவர் கையில் உங்கள் அலவாங்கு இருந்தது, அதுவே ஒரு பிரச்சினையாகிவிட்டது. நான் கையெழுத்துப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். உங்கள் கடிதத்தின் பிரதியை எனக்குக் காட்டினார்கள். 'அங்கீகரிக்கப்பட்ட எல்லையைத் தாண்டி, உரிமையாளரின் சம்மதமின்றி, அயற்காணிக்குள் பிரவேசித்து, தொடர்ந்து அங்கே தங்கியிருந்தார்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறீர்கள். வசனம் அவ்வளவு நேர்த்தி. வாசித்த அதிகாரி, கொலின் தப்பி ஓடிவிட்டார் என்றே நினைத்திருக்கிறார். புதுப் படத்தைக் கோவையில் பார்த்திருக்கிறார்கள். மரம் வெளியே இருக்கிறது.

காலில் கட்டிய பட்டிக்கு ஒன்றரை அடி தெரியாது, அண்ணை. வானத்தில் சுற்றுகிற செய்மதிக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் தெரிந்தது.

பேசாமல் இருங்கள் என்று நான் எழுத்தில்தான் கேட்டேன். எழுத்தில் இருப்பதை நம்புகிறவர் நீங்கள். எனக்கு உங்கள் மேல் பொல்லாத கோபம். இப்போதைக்கு வேறொன்றும் எழுத வரவில்லை.

சிசிலியா


20 மார்ச் 2025

சிசிலியாப் பிள்ளைக்கு,

உங்கள் வீட்டுப் படலையில் இரண்டு தரம் மணி அடித்தேன். பார்வையாளர் நேரம் இல்லை என்றார் உங்களுக்குப் பதிலாக நின்ற தொங்காக்காரர். அவர் முகத்தைப் பார்த்தால் என் பெயர் அங்கே நல்ல நிலையில் இல்லை என்று விளங்குகிறது.

பதிவுக்காக மட்டும் என்று தெளிவாக எழுதியிருந்தேன். இந்த நாட்டில் பதிவுக்காக எழுதினால் ஆளைப் பிடிப்பார்கள் என்று யார் கண்டது? நம் நாட்டில் நான் எழுதிய ஆயிரம் கடிதத்துக்கு ஒரு பதில்கூட வந்ததில்லை.

நீதிபதிக்கு எழுத ஆயத்தமாக இருக்கிறேன். கொலின் நல்ல மனிதன், நாடாவை ஒழுங்காகப் பிடிப்பவர், என் மனைவியிடம் மரியாதையாகக் கதைப்பவர் என்றெல்லாம் எழுதலாம். மரத்தைப் பெயர்த்து உங்கள் பக்கத்தில் நடவும் சம்மதம். கதிரையையும் தரலாம், அது உங்களுடையதுதான் என்றாலும்.

சரோஜாதேவி என்னோடு கதைப்பதில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். நேற்று வடை சுட்டாள், எனக்கு ஒன்றும் தரவில்லை.

வே. குலசிங்கம்


24 மார்ச் 2025

அண்ணை,

கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உங்களுக்காக அல்ல, வேலை இருக்கிறது.

கொலினின் சட்டத்தரணியோடு கதைத்தேன். வரும் திங்கட்கிழமை, 31ஆம் திகதி, கொலின் நீதிமன்றத்துக்கு வருகிறார். பிணை ரத்தானால் ஓகஸ்ட்வரை உள்ளேதான். அவருடைய நல்ல குணத்தைப் பற்றியும் நாடாவைப் பற்றியும் நீங்கள் எழுதுவதால் ஒன்றும் ஆகாது. மரத்தைப் பெயர்த்தாலும் ஆகாது, அன்றைக்கு அது நின்ற இடம்தான் கேள்வி.

ஒரே வழி இருக்கிறது. மூலையில் பழைய வேலி இன்னமும் நிற்கிறது, புதுக் கம்பம் நடவில்லை. ஆகவே பழைய வேலிதான் எல்லை என்று காணிக்காரர் ஏற்றுக்கொண்டால், கொலின் தாண்டவே இல்லை. ஆனால் அன்றைக்கு மட்டும் ஏற்றுக்கொண்டால் போதாது. எல்லைத் தகராறு உள்ள வீட்டுக்கு அவரைத் திருப்பி அனுப்பமாட்டார்கள். பழைய வேலியே எல்லை, இனிமேல் அந்தத் துண்டுக்கு நானோ என் பிள்ளைகளோ உரிமை கோரமாட்டோம் என்று நீங்கள் கையெழுத்திட்டு, நீதிமன்றத்துக்கும் வந்து சொல்ல வேண்டும். பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நேற்று ஞாயிறு. கொலினின் தாய்க்கு நான் எடுத்த போன் கிடைக்கவில்லை, அவ வழக்கம்போல் வந்துவிட்டா. இரண்டு பஸ் மாறி, கேக்கோடு. வாசலில் வைத்து நான்தான் சொன்னேன். உங்கள் மனைவி வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனா. நீங்கள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றதைக் கண்டேன்.

சிசிலியா


26 மார்ச் 2025

சிசிலியாப் பிள்ளைக்கு,

பத்திரத்தை வாசித்தேன். ஆங்கிலத்தில் இரண்டு பிழை இருக்கிறது, பென்சிலால் குறித்திருக்கிறேன். கையெழுத்து வைக்கவில்லை.

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தெல்லிப்பழையில் எனக்கு எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர் காணியும் வீடும் இருந்தன. தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் ஊரைவிட்டு ஓடினோம். பிறகு அது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். ஊரெல்லாருக்கும் காணி உறுதி சரி பார்த்துக் கொடுத்தவன், என் காணிக்குள் போக முடியாமல் இருபத்தேழு வருடம் முள்ளுக்கம்பிக்கு வெளியே நின்றேன். எத்தனை அரசாங்கக் கந்தோருக்கு எழுதினேன் என்று கணக்கில்லை. காணியை விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு இங்கேயிருந்து போனால், புல்டோசர் போட்டு எல்லாவற்றையும் தட்டி மட்டமாக்கியிருந்தார்கள். வேலி இல்லை, கிணறு மூடியாயிற்று, ஒரு எல்லைக்கல்லும் இல்லை. கையில் உறுதிப் பத்திரத்தோடு வெட்டவெளியில் நின்றேன். எங்கே என்னுடையது தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்துக் காணிக்காரனும் அப்படித்தான் நின்றான்.

ஒன்றரை அடிக்காகச் சாகிறான் என்று என் மகள் சொல்கிறாள். சாகவில்லை. அந்த முளையை அடிக்கும்போது, உலகத்தில் ஒரு இடத்திலாவது இதுதான் என்னுடையது என்று ஒருவர் வந்து அளந்து காட்டினாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை என் கையாலேயே இல்லையென்று எழுதச் சொல்கிறீர்கள்.

இதைத் தவிர வேறு எது கேட்டாலும் செய்கிறேன்.

வே. குலசிங்கம்


27 மார்ச் 2025

அண்ணை,

நாங்களும் தொண்ணூறாம் ஆண்டுதான், பேசாலையிலிருந்து படகில். உங்களுடையது சின்ன விடயம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு விதியும் இல்லை, மனமும் இல்லை.

கொலின் எனக்குப் போன் எடுத்தார். உங்கள் மேல் கோபமா என்று கேட்டேன். இல்லையாம். "குலாவுக்கு மூலைக் கம்பத்தை ஆழமாகப் போடச் சொல்லுங்கள், அந்த மண் இளக்கம்," என்றார். எத்தனை அடி என்றும் சொன்னார். நான் குறித்துக்கொள்ளவில்லை. அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை வீட்டில் வேறு பணியாளர் இல்லை. நான் விட்டுவிட்டு வர முடியாது. அவருக்காக அங்கே தாய் மட்டும்தான் இருப்பா.

சிசிலியா


28 மார்ச் 2025

பிள்ளை,

எத்தனை மணிக்கு? கழுத்துப்பட்டி கட்ட வேண்டுமா?

குலசிங்கம்


1 ஏப்ரல் 2025

மதிப்புக்குரிய திரு. குலசிங்கம் அவர்களுக்கு,

இது அமைப்பின் சார்பில் எழுதும் கடிதம், ஆகவே மரியாதையாக எழுதுகிறேன்.

நேற்று, 31 மார்ச், எங்கள் இல்லத்தில் தங்கும் கொலின் என்பவரை நீதிமன்றம் மீண்டும் பிணையில் விட்டது. அவர் நேராக இல்லத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. முன்னனுமதி இல்லாமல் தனியார் வாகனத்தில், அதாவது உங்கள் காரில், அவர் ஏற்றிவரப்பட்டிருக்கிறார். அதுவும் பிந்தி. அந்த வாகனம் வழியில் அசையாமல் நின்றதைக் காற்பட்டி காட்டியிருக்கிறது. கண்காணிப்புப் பிரிவு விளக்கம் கேட்கிறது. வாகனத்தைச் செலுத்தியவர் எழுத்தில் தர வேண்டும்.

எந்த மொழியிலும் எழுதலாம். பொலிஸ் வரும் வசனமாக மட்டும் எழுதாதீர்கள்.

சிசிலியா


2 ஏப்ரல் 2025

முகாமையாளர் சிசிலியாவுக்கு,

கேட்ட விளக்கம் கீழே.

நான் பத்திரத்தில் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் நீதிமன்றத்துக்குப் போனேன். பிழை திருத்திய பத்திரம். கொலினின் தாய்க்குப் பக்கத்தில் இருந்தேன். அவ என் கையில் ஒரு துண்டு கேக்கை வைத்தா. அங்கே சாப்பிடக்கூடாது என்று எழுதியிருந்தது, ஆகவே கோட்டுப் பையில் போட்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனாலும் நிதானமாக யோசிக்க நேரம் கிடைக்கும் என்று மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்டிருந்தேன். தமிழ்நாட்டுப் பிள்ளை ஒன்று வந்தது. நான் 'ஓம்' என்றால் அது என்னைப் பார்த்து, "ஆமான்னு சொல்லலாங்களா சார்?" என்று கேட்கும். ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாலும் ஒன்றுதானே, பிள்ளை. ஆனால் நல்ல பிள்ளை. அது சொன்ன ஆங்கிலத்தை இரண்டு இடத்தில் திருத்தினேன். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எங்கள் இருவரில் யார் மொழிபெயர்ப்பாளர் என்று கேட்டா.

பிறகு, பழைய வேலிதான் எல்லை என்றால் ஏன் போன் எடுத்தீர்கள் என்று கேட்டா. எழுதிப் பழகிவிட்டேன், நிறுத்த முடியவில்லை என்றேன். அவ சிரிக்கவில்லை, ஆனால் பேனையை வைத்துவிட்டா. "அப்படியென்றால், திரு. குலசிங்கம், எல்லை எங்கே?" என்று கேட்டா.

அங்கே கண்ணாடிக்குப் பின்னால் கொலின் நின்றார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாடாவைப் பிடித்தவர் அல்லவா, அவருக்கு எல்லை எங்கே என்று தெரியும். நான் கோட்டுப் பையில் இருந்த கேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பிள்ளை மெல்ல, "சார், கேள்வி புரிஞ்சுதுங்களா?" என்றது. கேள்வி எனக்கு நன்றாக விளங்கியது. "பழைய வேலி நிக்கிற இடம்தான் எல்லை," என்றேன். அது சொல்லி முடிப்பதற்குள் ஆங்கிலத்திலும் நானே சொல்லிவிட்டேன், பிறகு துணிவு வராது என்ற பயத்தில்.

இனி கார் விடயம். அந்த மனுசியை இரண்டு பஸ்ஸில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவவை ஏற்றினால் மகனை றோட்டில் விட முடியுமா? முன்னனுமதி எடுக்கவில்லை, பிழைதான். தாய் முன்னுக்கு இருந்தா, கொலின் பின்னுக்கு முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்தார். டொமினியன் றோட்டுக்கு வந்த பிறகு கொலின் பின்னாலிருந்து சொன்னார்: "குலா, யார் எதில் கையெழுத்து வைத்தாலும் அந்தத் துண்டு உன்னுடையது. நான் அளந்தேன். எனக்குத் தெரியும்."

பிள்ளை, இது என்னுடையது என்று எத்தனையோ கந்தோருக்கு நான் எழுதியிருக்கிறேன். ஓம், உன்னுடையதுதான் என்று ஒரு மனிதர் என்னிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குப் பாதை தெரியவில்லை. கண் அவ்வளவு மறைத்தது. அந்த நிலையில் கார் ஓட்டுவது சட்டப்படி பிழை என்றபடியால் ஓரமாக நிறுத்தினேன். கொலினின் தாய் தன் கைக்குட்டையைத் தந்தா. கொலின் இறங்கவில்லை, நிபந்தனை தெரிந்தவர், கதவைக்கூடத் திறக்கவில்லை. நான் சரியாகும்வரை மூவரும் அப்படியே இருந்தோம்.

பிந்தியது அதனால்தான்.

வே. குலசிங்கம்